நிலத்துக்கு அடியில் ஒரு பெஞ்சு

தலைமை ஏற்றிருக்கும் எங்கள் பழைய முதலாளி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனுக்காகக் கூடியிருக்கும் அன்பு நெஞ்சங்களே, வணக்கம். அவருக்குப் பாராட்டு விழா நடத்த ஏறியிருக்க வேண்டிய மேடை இது. இப்படியா ஏற வேண்டும்!

பெற்றவர்கள் அவருக்கு அழகாக ஒரு பெயர் வைத்தார்கள். கணினி விளையாட்டு செய்யும் எங்கள் கம்பெனியில் நாங்கள் வைத்த பெயர் ‘விழுந்தார்’. பரிசோதனைத் தலைவர் என்பது பட்டம். விளையாட்டுக்குள் நாங்கள் கட்டிய உலகத்தின் சுவர்களையெல்லாம் முட்டிப் பார்ப்பதும், தரையில் ஓட்டை இருந்தால் அதில் விழுந்து காட்டுவதும்தான் வேலை. “விழுந்துட்டேன்!” என்று மூலையிலிருந்து குரல் வரும். மலைகளை வரைந்தவள் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “உங்க கண்ணுல மட்டும் எப்படிண்ணே படுது?” என்பேன். “நீ மலையப் பாத்து வரையிற, நான் காலப் பாத்து நடக்கிறேன்மா” என்பார்.

தையல்கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஏசி சொட்டும் இடத்தில் ஒரு வாளி. கீழே மெஷின் ஓடினால் மேலே எங்கள் மேசையும் ஆடும். “பொம்மை போடுறதுக்கா சம்பளம் தர்றாங்க?” என்று என் அம்மா சிரிப்பார். வேலைக்கா போனோம்? விளையாடத்தான் போனோம்! அப்படி ஒரு வேலை இனி யாருக்குக் கிடைக்கும்?

ஒருநாள் முதலாளி கத்தினார். விளையாட்டில் நிலத்துக்கு அடியில், வெறும் இருட்டில், ஒரு பெஞ்சும் விளக்கும் இருந்தன. அதில் உட்கார்ந்தால் மறுபடி மேலே வந்துவிடலாம். “யாருய்யா இத வச்சது? இத யாரு பாக்கப் போறா?”

அண்ணன் தலையைச் சொறிந்தார். “எல்லா ஓட்டையும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன் சார். தப்பித் தவறி விழுறவன் விழுந்துகிட்டே இருப்பானா? உக்கார ஒரு இடம் வேணும்ல?”

பெஞ்சு அங்கேயே இருந்துவிட்டது.

கம்பெனியை மூடியபோது இரண்டாவது விளையாட்டு பாதியில் நின்றது. கனவு கண்ட வேலை போனதும் நான் சுருண்டு படுத்துவிட்டேன். வாராவாரம் வீடு தேடி வந்தவர் அண்ணன் ஒருவர்தான். “ஆத்தங்கரையில விழுந்துட்டேன். சரி பண்ணிக் குடு” என்பார். மூடிய கம்பெனியின் விளையாட்டைத் தன் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்தார், ஐயா! அந்த ஓட்டைகளை அடைக்க உட்கார்ந்துதான் நான் மறுபடி வரையத் தொடங்கினேன்.

போன வாரம் அதே மேசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். அண்ணே, விழும்போதெல்லாம் சத்தம் போட்டுச் சொல்வீர்களே! இந்த ஒருமுறை மட்டும் சொல்லாமல் விழுந்துவிட்டீர்களே!

அண்ணி என் கையைப் பிடித்து ஒன்றுதான் கேட்டார்: “அவர் பாதியில விட்டத நீங்க முடிப்பீங்களா, இல்ல மேசையக் காலி பண்ணிடட்டுமா?”

காலி செய்யாதீர்கள், அண்ணி. பழைய ஆட்கள் அத்தனை பேரும் வருகிறோம். முதலாளியும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். முடிப்போம், இது சத்தியம். ஆனால் நாங்கள் ஓட்டை விடுவோம். விழுந்து சொல்ல அவர் இல்லை. அதனால் இந்த முறை மலையை அப்புறம் வரைகிறேன். முதலில் பெஞ்சு.