கழுதைச் சீட்டு

வில்மா: கையை எடு ரோசெல்லா, கவர் கிழியுது!

ரோசெல்லா: நீ எடு. நான் கட்சிச் செயலாளர். காகிதம்னு எது வந்தாலும் அது என் கைக்கு—

வில்மா: நான் தலைவி. தேர்தல் ஆபீஸுக்குள்ள போய் கையெழுத்துப் போட்டு வாங்கினது நான்—

ரோசெல்லா: வாங்கினது நீ. இந்தக் காரை ஓட்டிட்டு வந்தது யாரு?

வில்மா: உன்னை யாருடி வரச் சொன்னா? தனியாப் போயிட்டு வர்றேன்னுதானே சொன்னேன்.

ரோசெல்லா: அதைக் கேட்டுத்தான் ஓடி வந்தேன். பத்தொன்பது வருஷத்துல நீ எங்கேயாவது தனியாப் போனது உண்டா? கை கழுவப் போறதுக்குக்கூட ஒரு துணைக்குழு போடுவியே.

வில்மா: பேச்சை மாத்தாதே. கவரை விடு. வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாப் பார்த்து, சாயங்காலம் கூட்டத்துல நானே படிக்கிறேன்.

ரோசெல்லா: நான் கொண்டுபோறேன். சுத்தமா டைப் அடிச்சு எடுத்துட்டு வர்றேன்.

வில்மா: தேர்தல் ஆபீஸ் சுத்தமாத்தான் அச்சடிச்சுக் குடுத்திருக்கு. அதை நீ எதுக்கு மறுபடி டைப் அடிக்கணும்?

ரோசெல்லா: நீ எதுக்கு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கணும்?

வில்மா: இது சாதாரணக் காகிதமா? மே மாசம் கட்சி வேட்பாளரைப் பொறுக்கின பிரைமரியில இந்த கவுண்டியில யார் யார் நம்ம கழுதை ஓட்டுச் சீட்டைக் கேட்டு வாங்கினாங்க, யார் யார் எதிர்க்கட்சி யானைச் சீட்டை வாங்கினாங்கன்னு பேரோட இருக்கு. உள்ளே போய் யாருக்குக் குத்தினாங்கங்கிறது கடவுளுக்கு மட்டும் தெரியும். எந்தச் சீட்டுங்கிறது ஊருக்கே தெரியும்.

ரோசெல்லா: தெரியாமலா? நாற்பது வருஷமா நானும் இதே ஒஹையோவுலதானே ஓட்டுப் போடுறேன்.

வில்மா: அப்ப இன்னைக்குத் தீர்மானம் எவ்வளவு முக்கியம்னு உனக்கே புரியணும்.

ரோசெல்லா: எழுதினவளே நான்தானே. "யானைச் சீட்டு வாங்கிய குழு உறுப்பினர் எவரும் அந்த நிமிடமே நீக்கப்படுவார்." 'அந்த நிமிடமே'ன்னு நீதான் சேர்க்கச் சொன்னே.

வில்மா: சேர்த்தது நல்லாத்தான் இருக்கு. கம்பீரமா இருக்கு.

ரோசெல்லா: உன்னை எதிர்த்து நிக்கிற நார்பர்ட் காலிக்கை வெளியே தள்ளத்தானே இத்தனை கம்பீரமும்? வாயைத் திறந்து சொல்லிடேன்.

வில்மா: இது கொள்கை, ரோசெல்லா.

ரோசெல்லா: பத்தொன்பது வருஷமா தூங்கிட்டிருந்த கொள்கை, தலைவர் தேர்தல் அன்னைக்குப் பார்த்து எழுந்து உட்கார்ந்துச்சாக்கும்? குழுவுல மொத்தம் ஒன்பது பேரு. உன் பக்கம் நாலு, அவர் பக்கம் நாலு...

வில்மா: ஒன்பதாவது நீ. மதில்மேல் பூனை.

ரோசெல்லா: பூனை மதில்மேல இருக்கிற வரைக்கும்தான் ரெண்டு வீட்டுலயும் பால் வைப்பீங்க.

வில்மா: அவன் தலைவனா வந்தா கட்சி என்ன ஆகும்னு யோசிச்சியா? ரெண்டா உடைஞ்சிடும்.

ரோசெல்லா: இப்ப மட்டும் முழுசா இருக்கா? இந்த கவுண்டியில டெமாக்ரட்னு சொல்லிக்கிற ஆளுங்களை ஒரு பள்ளிக்கூட பஸ்ல ஏத்திடலாம். அதுக்கு ஃபேஸ்புக்கில ரெண்டு பக்கம்! உன்னுது 'உண்மையான டெமாக்ரட்டுகள்', அவருது 'அசல் டெமாக்ரட்டுகள்'. உன் கழுதை இந்தப் பக்கம் பார்க்குது, அவர் கழுதை அந்தப் பக்கம் பார்க்குது. நடுவுல யானை அது பாட்டுக்குப் போயிட்டிருக்கு.

வில்மா: அவன் கழுதை பார்க்கவே நல்லா இல்லை. பசு மாதிரி இருக்கு.

ரோசெல்லா: ஷெரிஃப் தேர்தலுக்கு ஆள் நிறுத்துவோம்னு போன வருஷம் உட்கார்ந்தோமே, என்ன ஆச்சு? எட்டு மாசம் சண்டை. சண்டை முடிஞ்சு நிமிர்ந்து பார்த்தா மனு குடுக்கிற கடைசி நாள் போயி ஒரு வாரம் ஆச்சு.

வில்மா: அவன் சொன்ன ஆளை நான் ஒத்துக்கலை. நான் சொன்ன ஆளை அவன் ஒத்துக்கலை. அதுக்குப் பேருதான் ஜனநாயகம்.

ரோசெல்லா: அந்த ஜனநாயகத்தால நவம்பர்ல நம்ம பக்கம் ஆளே இல்லை. யானையோட பிரைமரியில எவன் ஜெயிச்சானோ அவன்தான் ஷெரிஃப். அப்ப நிஜத் தேர்தல் நடந்தது அவங்க வீட்டுலதானே? ஒரு மனுஷன்... ஒரு பேச்சுக்குத்தான் சொல்றேன்... அங்க போய் ஓட்டுப் போட்டா அது அவ்வளவு பெரிய பாவமா?

வில்மா: துரோகம்.

ரோசெல்லா: ஒரு பேச்சுக்குத்தான் வில்மா...

வில்மா: பேச்சுக்கும் துரோகம்தான். வருஷம் முழுக்க நம்ம விருந்துல கோழியைச் சாப்பிட்டுட்டு, பூத்துல போய் நின்னு "யானைச் சீட்டு குடுங்க"ன்னு எப்படிடி கேக்க வாய் வரும்? நாக்கு கூசாது?

ரோசெல்லா: கூசும்தான்... கூசும்னு நினைக்கிறேன். நீ ஏன் அப்படி இழுக்கிறே, விடு!

வில்மா: நீ விடு!

ரோசெல்லா: போச்சு. கிழிஞ்சாச்சு. கார் முழுக்கக் காகிதம்.

வில்மா: உன்னாலதான். பொறுக்கு, பொறுக்கு. வெளியில பறந்துடப் போகுது.

ரோசெல்லா: முதல் பக்கம் என் மடியிலயே விழுந்திருக்கு. குடும்பப் பேர் இங்கிலீஷ் எழுத்து வரிசையில இருக்கு. நம்ம குழு ஆளுங்களை மட்டும் பார்ப்போமா?

வில்மா: நேரா காலிக்குக்குப் போ. நார்பர்ட் காலிக்.

ரோசெல்லா: முதல்ல ஆரன்ஸ் வருது. அகதா ஆரன்ஸ்... யானை.

வில்மா: என்னது?

ரோசெல்லா: யானை.

வில்மா: அகதாவா? அவ என் ஆளாச்சே. அச்சுப் பிழையா இருக்கும்.

ரோசெல்லா: அச்சுப் பிழை இல்லை. அவ அக்கா பையன். போலீஸ் டெபுடி கர்ட் அந்தப் பக்கம் ஷெரிஃபுக்கு நின்னானே, பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தவ சும்மா இருப்பாளா?

வில்மா: பாவம், ரத்தபாசம். அதைத் துரோகம்னு சொல்ல முடியாது. அடுத்தது?

ரோசெல்லா: சிரில் ப்ரூன்ஸ். யானை.

வில்மா: பார்த்தியா! துரோகி! நார்பர்ட் பக்கத்து ஆளு வேற எப்படி இருப்பான்?

ரோசெல்லா: அவனுக்கும் ஏதாவது பாசம் இருக்கலாம்ல?

வில்மா: அவன் மூஞ்சியில பாசமா? மேல படி.

ரோசெல்லா: லியோனா ஹோமன்... உன் ஆளு... யானை.

வில்மா: லியோனாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. கழுதைன்னு நினைச்சு வாங்கியிருப்பா.

ரோசெல்லா: வாயால கேக்குறதுக்குக் கண்ணு எதுக்கு?

வில்மா: மேல படின்னு சொன்னேன்!

ரோசெல்லா: காலிக்... பெர்னடைன் காலிக், அது அவர் சம்சாரம், குழுவுல இல்லை... இதோ. நார்பர்ட் காலிக்.

வில்மா: உரக்கப் படி. இந்த நிமிஷத்துக்காகத்தான் நான் ஒரு மாசமாத் தூங்கலை.

ரோசெல்லா: கழுதை.

வில்மா: யாரைச் சொல்றே?

ரோசெல்லா: உன்னைச் சொல்லலை. நார்பர்ட் வாங்கினது நம்ம சீட்டு. கழுதைச் சீட்டு.

வில்மா: இரு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படி.

ரோசெல்லா: போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீயே பாரு.

வில்மா: குடு இங்கே... கழுதைன்னுதான் போட்டிருக்கு.

ரோசெல்லா: அடுத்தது லிங்க், யானை. ஓஸ்டர்லோ, யானை. உன் ஹியூபர்ட் சீஃப்ரிங் பெரிய பேச்சுப் பேசுவாரே, அவரும் யானை.

வில்மா: போதும்.

ரோசெல்லா: இன்னும் ரெண்டு பேர் பாக்கி. கடைசிப் பக்கம் எங்கே?

வில்மா: எந்தக் கடைசிப் பக்கம்?

ரோசெல்லா: தோபே, வுப்கர் எல்லாம் வர்ற பக்கம். உன் பேரும் என் பேரும்.

வில்மா: அது எதுக்கு நமக்கு? நம்மளைப் பத்தி நமக்குத் தெரியாதா?

ரோசெல்லா: அதுவும் சரிதான். தெரியும்தானே...

வில்மா: தெரியும்.

ரோசெல்லா: ...வில்மா, அந்தப் பக்கத்துமேல நீ உட்கார்ந்திருக்கே. ஓரம் வெளியில தெரியுது.

வில்மா: எனக்கு முட்டி வலி. எழுந்திரிக்க முடியாது.

ரோசெல்லா: சரி, எழுந்திரிக்காதே. நானே சொல்லிடுறேன். வுப்கர், ரோசெல்லா... யானை.

வில்மா: அடிப் பாவி!

ரோசெல்லா: வருஷா வருஷம் மழை பெய்ஞ்சா என் வீட்டு நிலவறையில முழங்கால் தண்ணி. வடிகால் வெட்டித் தர்றேன்னு சொன்னவன் வேற ஒரு பதவிக்கு யானையில நின்னான். நான் என்ன பண்ணட்டும்? அவன் கழுதையில நின்னிருந்தா கழுதை கேட்டிருப்பேன், கங்காருவுல நின்னிருந்தா கங்காரு கேட்டிருப்பேன்.

வில்மா: தீர்மானத்தை எழுதினவளே நீ!

ரோசெல்லா: கையெழுத்து நல்லா இருக்கும்னு நீதானே குடுத்தே. இப்பக் கணக்குப் பாரு. இது நிறைவேறினா அந்த நிமிடமே நான் அவுட், அகதா அவுட், எல்லாரும் அவுட். மிச்சம் நீயும் நார்பர்ட்டும். ஆளுக்கொரு ஓட்டு. ஏன் மூஞ்சி இப்படிப் போகுது? நீயும் நார்பர்ட்டும்தானே மிச்சம்?

வில்மா: கர்ட் என்னை மூணு தடவை வண்டியை நிறுத்தி அபராதம் எழுதினான்டி. மூணு தடவை! சர்ச் வாசல்ல, எல்லாரும் பார்க்க. அவன் ஷெரிஃபா வந்துட்டா நான் காரை வித்துட்டு நடக்க வேண்டியதுதான். அதான்... பழைய ஷெரிஃபே இருக்கட்டும்னு...

ரோசெல்லா: யானை?

வில்மா: யானை.

ரோசெல்லா: அடி என் தலைவி! நாக்கு கூசலையா?

வில்மா: மெதுவாத்தான் கேட்டேன்.

ரோசெல்லா: அப்ப சாயங்காலம் தீர்மானம் நிறைவேறினா நம்ம கட்சியில மிச்சம் நார்பர்ட் ஒருத்தர்தான். அவரே தலைவர், அவரே செயலாளர், அவரே நன்றியுரை. கூட்டம் முடிஞ்சு உருளைக்கிழங்கு சாலடையும் அவரே சாப்பிடணும்.

வில்மா: சிரிக்காதே. தீர்மானத்தைக் கிழிச்சுப் போட்டுடலாம்.

ரோசெல்லா: முடியாதே. போன மாசமே எல்லாருக்கும் அனுப்பியாச்சு. நார்பர்ட் வழிமொழியறேன்னு பதில்கூடப் போட்டார். ஐயையோ...

வில்மா: என்ன?

ரோசெல்லா: வர்றார். ஆபீஸ் வாசல்லேருந்து நேரா நம்ம காருக்குத்தான் வர்றார். கையில கவர்.

வில்மா: வண்டியை எடு.

ரோசெல்லா: சாவி உன் காலடியில காகிதத்துக்குள்ள கிடக்கு.

நார்பர்ட்: கண்ணாடியை இறக்குங்க, தலைவரம்மா. தூரத்துலேருந்து பார்த்தா ரெண்டு கோழி ஒரு புழுவுக்கு அடிச்சுக்கிற மாதிரி இருக்கு. என்ன, கார் முழுக்கப் பேப்பர்?

ரோசெல்லா: வசந்தகாலச் சுத்தம் பண்றோம் நார்பர்ட்.

நார்பர்ட்: ஜூன் மாசத்துலயா? நானும் அதே லிஸ்ட்டுதான் வாங்கிட்டு வர்றேன். இன்னும் பிரிக்கலை.

வில்மா: பிரிக்காதீங்க.

நார்பர்ட்: ஏன்?

வில்மா: பிரிச்சு என்ன ஆகப் போகுது? நானே சொல்றேன். குழுவுல ஒன்பது பேரு. எட்டுப் பேரு யானை. அந்த எட்டுல நானும் ஒருத்தி.

ரோசெல்லா: நானும்.

நார்பர்ட்: எட்டா? சிரில்...?

வில்மா: சிரிலும். மிச்சம் ஒரே ஒருத்தர். அவர் எனக்கு நேர் எதிரி. கட்சியை உடைக்க வந்தவர்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேன்.

ரோசெல்லா: காலையிலேருந்து 'அவன்'தான். இப்ப 'அவர்' ஆயிட்டார்.

வில்மா: நீ சும்மா இரு. நார்பர்ட், பத்தொன்பது வருஷமா இந்த நாற்காலியை விடக் கூடாதுன்னு மல்லுக்கு நின்னேன். இன்னைக்கு விடுறேன். சாயங்காலம் நான் நிக்கலை. உங்க பேரை நானே முன்மொழியறேன்.

நார்பர்ட்: வில்மா, அவசரப்படாதீங்க...

வில்மா: அவசரமே இல்லை. எல்லார் முன்னாலயும் உங்களை நிறுத்தி, இந்த லிஸ்ட்டை நானே படிக்கப் போறேன். எங்க எட்டுப் பேர் மானமும் போகட்டும். உங்களுக்கு எழுந்து நின்னு கைதட்டணும்.

நார்பர்ட்: கைதட்டல் எல்லாம் எதுக்கு? வேணாம், நல்லா இருக்காது.

ரோசெல்லா: கூச்சப்படுறார் பாரு. நல்ல மனுஷங்களே இப்படித்தான்.

நார்பர்ட்: கூச்சம் இல்லை ரோசெல்லா. லிஸ்ட்டை விட்டுடலாமே... தீர்மானத்தையும் விட்டுடலாம். ஒன்பது பேரும் முன்ன மாதிரியே சண்டை போட்டுக்கிட்டு இருப்போம்.

வில்மா: பெருந்தன்மை! பார்த்தியா, ஜெயிச்ச இடத்துலயும் எப்படிப் பேசுறார் பாரு. இத்தனை வருஷம் இந்த மனுஷனைப் புரிஞ்சுக்காம இருந்துட்டேன். முதுகெலும்பு உள்ள ஒரே ஆளு.

நார்பர்ட்: முதுகெலும்பு வரைக்கும் போகாதீங்க வில்மா.

வில்மா: போவேன். சுத்தி நிக்கிறவன் எல்லாம் யானை, யானைன்னு கேக்குறப்ப, ஒத்தை ஆளா நிமிர்ந்து நின்னு "கழுதைச் சீட்டு குடுங்க"ன்னு கேட்டிருக்கீங்க. என்ன தைரியம்! அந்த நேரத்துல உங்க மனசுல என்ன ஓடுச்சு? அதை மட்டும் சொல்லுங்க. அப்படியே சாயங்காலம் கூட்டத்துல சொல்றேன்.

நார்பர்ட்: மனசுல ஓடினது யானைதான் வில்மா... வரிசையில எனக்கு முன்னால நீங்க நின்னீங்க, மேஜைமேல குனிஞ்சு காதோட காதா ஏதோ கேட்டு வாங்கினீங்க, சட்டுனு திரும்பி என்னை ஒரு முறை முறைச்சீங்க பாருங்க... தலைவரம்மா பார்த்துட்டு நிக்கிறப்ப நான் எப்படிங்க யானை கேக்குறது?