கடித்துத் துப்பிய மீன்

யுத்த காலத்தில் ஒரு நாள், ராயபுரத்தில் கிருஷ்ணாயில் வாங்கக் க்யூவில் நின்றிருந்தேன். ஊர் வம்பு எனக்கு ஆகாது. ஆனால் முன்னால் நின்ற மீன்காரி சொன்னதைக் கேட்டதும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எங்கூட்டு நாய்க்கு நான் கடிச்சுத் துப்புற மீன் தாம்மே சாப்பாடு."

அவளுக்கு முன்னால், இடுப்பில் குழந்தையோடு நின்ற சின்னப் பெண் திரும்பினாள். "கலீஜா கீதேக்கா! இன்னாத்துக்கு?"

"என் எச்சி வாசன இல்லாத எதையும் அது தொடாது. அப்டி பழக்கி வச்சிகிறேன். நாய்ங்கள சாவடிக்க மருந்து வச்ச கறிய தெருவுல போட்டுகினு போறானே ஒருத்தன்! டோல்கேட்டாண்ட எத்தினி நாயி நுரை தள்ளிக் கெடந்துச்சு! அவன் கையி அழுவிப் போவ."

சின்னவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அது எங்கூட்டுக்காரு தான்க்கா. வேற வேல கெடைக்கல."

க்யூ கொஞ்சம் நகர்ந்தது.

"வூட்டுக்கு வந்து சோப்பு போட்டுத் தேச்சுத் தேச்சுக் கழுவுறாரு. அப்பவும் அவரு கையால வச்சா எங்க நாயி துன்றதில்ல."

"அதுக்கு மோப்பம் கீது," என்றாள் மீன்காரி மெதுவாக.

"இந்தப் புள்ளைக்கு மோப்பம் இல்லியேக்கா. ஆசையா சோத்தப் பெசஞ்சிகினு ஊட்ட வருவாரு. நான் தட்டப் புடுங்கிக்கிறேன்."