பதினாலாம் கட்டில் போத்தல்

மேனுகா: பதினாலாம் கட்டில் ரிப்போர்ட் வாட்டுக்குப் போயிட்டுதோ, அண்ணா?

தனஞ்சயன்: நேற்றையில இருந்து லாப் கம்ப்யூட்டர் வேலை செய்யேல்லை எண்டு எத்தினை தரம் சொல்லுறது, மேனுகா?

மேனுகா: சும்மா கேட்டனான்... திருத்துறவர் எங்க?

தனஞ்சயன்: இரத்மலானையில நிக்கிறாராம். வெள்ளவத்தைக்கு வந்து சேர ரெண்டு நாள் செல்லுமாக்கும். அதென்ன, அந்த ஒரு ரிப்போர்ட்டில மட்டும் அக்கறை?

மேனுகா: சீனியம்மாவுக்கு ஆறு நாளாக் காய்ச்சல். ரத்தம் எடுக்கப் போனா, “எப்ப கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போகலாம்” எண்டுதான் கேக்கிறா. பாவம்.

தனஞ்சயன்: அவவின்ர ரத்தப் போத்தல் அஞ்சு நாள் மெஷினுக்குள்ள இருந்தது. கிருமி வளர்ந்திருந்தா மெஷின் கத்தியிருக்கும். கத்தேல்லை. “ஒண்டும் வளரேல்லை” எண்டு ரிப்போர்ட் அடிக்கிறதுதான்.

மேனுகா: அப்பிடி அடிச்சா... மருந்தை மாத்த மாட்டினம்.

தனஞ்சயன்: போத்தலை நேற்றே எறிஞ்சிட்டீர்தானே?

மேனுகா: ஏசாதீங்கோ. எறிய முதல் ஒரு துளி எடுத்துக் கிருமி வளர்க்கிற பிளேட்டில கோடா இழுத்தனான்.

தனஞ்சயன்: மெஷின் கிருமி இல்லையெண்ட போத்தலில கை வைக்கக் கூடாதெண்டு பெரிய டொக்டர்—

மேனுகா: தெரியும்! ஆனா கழுத்தில மருந்து ஏத்துற லைன், ஒரு மருந்துக்கும் அசையாத காய்ச்சல்... ஈஸ்ட் எண்ட பூஞ்சைக் கிருமி சிலவேளை மெஷினுக்கும் டிமிக்கி விடும். மனம் கேக்கேல்லை, அண்ணா.

தனஞ்சயன்: சரி, சரி. ஏதும் வளர்ந்ததோ?

மேனுகா: வெள்ளைப் பொட்டு பொட்டா... மைக்ரோஸ்கோப்பில வச்சிருக்கிறன்.

தனஞ்சயன்: கொஞ்சம் தள்ளும்... அட! மொட்டு விட்ட ஈஸ்ட். கூட்டமா நிக்கினம்.

மேனுகா: காத்தில வந்து விழுந்ததா இருக்குமோ?

தனஞ்சயன்: நீர் இழுத்த கோட்டிலயே வரிசையா வளர்ந்திருக்கு. காத்தில வந்ததெண்டா கண்டபடி கிடக்கும்.

மேனுகா: அப்ப... பெரிய டொக்டர்?

தனஞ்சயன்: அவரை நான் பாக்கிறன். நீர் வாட்டுக்கு எடும்.

மேனுகா: ஹலோ, டொக்டர்... லாபில மேனுகா. பதினாலாம் கட்டில், ரத்தத்தில ஈஸ்ட்... ஓம், ஈஸ்ட்தான்... இப்பவே லைனைக் கழட்டி மருந்து தொடங்குறீங்களோ? நல்லது, டொக்டர்!

தனஞ்சயன்: என்ன, கண் கலங்குது?

மேனுகா: சந்தோசம், அண்ணா. நல்லகாலம் கம்ப்யூட்டர் பழுதாப் போச்சு. நேற்றே “ஒண்டுமில்லை” எண்டு போயிருந்தா...

தனஞ்சயன்: அந்த மேசை லாச்சியைத் திறவும். கம்ப்யூட்டர் வயர் உள்ளதான் கிடக்கு. நேற்று உம்மட பிளேட்டைக் கண்ட கையோட நான்தான் கழட்டினனான்.