மூலை இல்லாத எழுத்து

"ஹலோ... ஆமா, ஃபுகாமிதான். அச்சுக்கு எழுத்துரு வரையறவதான்... நகராட்சியிலேருந்தா? சொல்லுங்க மிசோகுச்சி சான்."

"ம்... ம்... மோச்சிக் கொழுக்கட்டை மாதிரி கொழுகொழுன்னு இருக்கா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. பல் டாக்டர் போர்டு, நாய் பிஸ்கட் பொட்டலம், எல்லாத்துலயும் என் எழுத்துதான்... இன்னும் பத்துக் குளத்துக்கா? ... வேணாம்... வேணாம்னேன். 'ஆபத்து' பலகைக்கு அதைத் தர மாட்டேன். அந்தச் சின்னப் பையன் இட்சுகி மூழ்கிச் செத்துப்போன குளத்துல இருக்கறதையும் கழட்டிடுங்க."

மேசையில் 'ஆபத்து' என்னும் அந்த நான்கு ஜப்பானிய எழுத்துகளின் பெரிய அச்சு கிடந்தது. ஃபுகாமி அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"...யாரும் என்னைக் குத்தம் சொல்லலை, தெரியும்... தெரியும். கேளுங்க. அவன் பாலர் பள்ளி வாசல்ல 'வாங்க வாங்க'ன்னு இதே எழுத்து. சாப்பாட்டு டப்பா மேல இதே எழுத்து. டீச்சர் சொல்லித் தரும்போது காத்துல விரலால எழுதச் சொல்வாங்க. அஞ்சு வயசுப் பையன் கரையில அதே எழுத்தைப் பார்த்தா பயப்படுவானா? கிட்டப் போய்த் தொடுவான்... தொட்டிருக்கான்! பலகை மேலயே சேத்து விரலால எழுதிப் பார்த்திருக்கான், பாதி வரைக்கும். மேல தகரக் கூரை, மழை படலை. அந்தச் சேத்துத் தடம் இன்னும் இருக்கு. நானே போய்ப் பார்த்தேன்."

"...ஆமா. ஆமா... இப்ப அங்கேயேவா நிக்கறீங்க? நல்லதாப் போச்சு. ஸ்க்ரூ டிரைவர் இருக்கா? கழட்டுங்க... என்ன? யாரு விட மாட்டேங்கறாங்க?"

"...இட்சுகியோட அம்மாவா."

"இல்ல, நான் எப்படி அவங்ககிட்ட... சரி. போனைக் கொடுங்க."

அவள் எழுந்து நின்றாள். யாருமில்லாத அறையில் இடுப்பு வரை குனிந்து வணங்கினாள்.

"நோஜிமா சான்... அதை வரைஞ்சது நான்தான். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு... ம்? ... இல்ல, அழிக்க மாட்டாங்க... தினமும் வர்றீங்களா... ம்... ம்... அவன் நிறுத்தின இடத்துல உங்க விரலை வெச்சா, அதுக்கு மேல நகர மாட்டேங்குதா."

கவிழ்த்த தாளைத் திருப்பினாள். தன் விரலையும் வைத்தாள்.

"எந்த இடம்? ... முதல் எழுத்து, மூணாவது கோடு. ஏறி, உச்சியில... அங்க மூலை கிடையாது. எங்கேயும் இடிக்காது, அப்படித்தான் வரைஞ்சேன். சேர்ந்து போகலாமா? வலது பக்கம்... பெரிசா வளையும்... அவசரமில்லை... இறங்குங்க... ஆமா, அவன் அழகாத்தான் எழுதியிருக்கான்... இன்னும் கொஞ்சம். நுனி, கட்டை விரல் மாதிரி உருண்டையா இருக்கும். அங்க நில்லுங்க."

"...முடிஞ்சிடுச்சு. ஆமா... இனி கையை எடுங்க. பலகையை வீட்டுக்கே கொண்டு போங்க, மிசோகுச்சி சான் கழட்டித் தருவார்... நோஜிமா சான்? கையை எடுங்க... என்ன?"

மறுமுனையில் தண்ணீர் கரையில் மோதும் சத்தம்.

"...அடுத்த எழுத்தா."

"...மிசோகுச்சி சான்கிட்ட சொல்லுங்க, கொஞ்சம் பொறுக்கட்டும். இன்னும் மூணு இருக்கு... வெச்சுட்டீங்களா? இடது பக்கத்துலேருந்து... ஹலோ? ... நோஜிமா சான்? ... ஹலோ?"

இணைப்பு அறுந்துவிட்டது. ஃபுகாமியின் விரல் இரண்டாவது எழுத்தின் தொடக்கத்தில் நின்றது. நகரவில்லை.