முதல் தட்டு

எங்கள் வீட்டில் பால் கெட்டுவிட்டதா என்று யாரும் பாத்திரத்தைத் திறந்து பார்க்க மாட்டார்கள். என்னைக் கூப்பிடுவார்கள். நான் மூடியைத் தூக்கி, லேசாகக் குனிந்து, ஒரு மூச்சு இழுப்பேன். "ஆகும்" என்றால் அடுப்பில் ஏறும். "ஆகாது" என்றால் சாக்கடைக்குப் போகும். மாமியார் உட்பட ஒருவரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன் மேடம். இல்லையென்றால் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரியாது.

கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வீட்டில் எனக்கென்று ஓர் இடம் கிடையாது. வெறுங்கையோடு வந்தவள். சமையலும் சுமார்தான். அப்போது பக்கத்து வீட்டில் ஒரு விருந்து நடந்தது. பரிமாறும்போதே கறியில் ஏதோ சரியில்லை என்று என் மூக்குக்குப் பட்டது. மாமியாரின் காதில் சொன்னேன். அவர் என்ன நினைத்தாரோ, எங்கள் வீட்டார் யாரையும் கறியைத் தொட விடவில்லை. அன்று சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார்கள். மறுநாள் மாமியார் தன் கையால் எனக்குக் காபி கலந்து கொடுத்தார். கெட்டுப்போனதை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம், கெடப்போவதை இவள் கண்டுபிடிப்பாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதன் பிறகுதான் அந்த வீட்டுச் சுவர்கள் எனக்கும் சொந்தம் என்று தோன்றியது.

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஒரே உலைதான். பெரிய பானை நிறையச் சோறு வடிப்போம். மிஞ்சியது அப்படியே அடுப்பு மேடையில் மூடியிருக்கும். ஃபிரிட்ஜ் சின்னது, பழசு. பெரிய பாத்திரத்தை உள்ளே திணித்தால் அது மூச்சுவாங்கிச் செத்துவிடும் என்பது மாமியாரின் கட்சி. காலையில் அந்தச் சோற்றை வெங்காயம் போட்டு வதக்கினால் எல்லாருக்கும் காலைச் சாப்பாடும் ஆயிற்று, டிபன் பாக்ஸும் ஆயிற்று. ஆக, விடிந்ததும் அந்த வீட்டின் முதல் வேலை என் மூக்குக்குத்தான்.

கொழுந்தனுக்குக் கல்யாணமாகிச் சின்னவள் வந்தாள். நூல் மில்லில் வேலை, காலை ஷிப்ட். வீட்டில் முதலில் கிளம்புகிறவள் அவள்தான். தலை வாரும்போதுகூட அடுப்படியில் என் பக்கத்தில் நின்றுதான் வாருவாள். "அக்கா, உங்க மூக்குக்குத் தனியா இன்சூரன்ஸ் எடுக்கணும். மாமாகிட்ட நான் பேசறேன்" என்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் வருகிற சாதாரணக் காய்ச்சல். அது போய்விட்டது. ஒரு நாள் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மாமியார் வாசலிலிருந்து ஓடிவந்து பாலை இறக்கினார். "அடிப்பிடிச்சு வீடே நாறுது, நீ பாட்டுக்கு நிக்கற?" என்றார். ஏதோ யோசனை அத்தை என்றேன். அவர் போன பிறகு பாத்திரத்தை முகத்தருகே கொண்டுபோனேன். ஒன்றும் வரவில்லை. வெங்காயத்தை நறுக்கி முகர்ந்தேன். மண்ணெண்ணெய் டப்பாவைத் திறந்தேன். பினாயிலைத் திறந்தேன். வெறும் காற்றுதான் உள்ளே போய் வந்தது.

அன்றைக்கு வந்த பயம்தான் மேடம், இன்னும் போகவில்லை. பானையின் மூடி மேல் கை வைக்கும்போதெல்லாம், உள்ளே ஏதோ உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும். டாக்டரிடம் போகலாம்தான். போனால் வீட்டில் சொல்ல வேண்டும்.

முதலில் சந்தேகம் வந்ததையெல்லாம் கொட்டினேன். பாதுகாப்பு அதுதானே. மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "என்னடி, தினம் தினம் கொட்டற? மூக்குக்கு வயசாயிடுச்சா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு கொட்டத் துணியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் போடவும் துணியவில்லை. அத்தனை பேர் உயிராயிற்றே.

வழி தானாக வந்தது. சின்னவள்தான் முதலில் சாப்பிடுவாள். வழக்கமே அதுதான், நான் புதிதாக எதையும் செய்யவில்லை. அவளுக்குப் போட்டுவிட்டு, மற்றவர்களுக்கு வதக்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டேன். பாத்திரம் துலக்குவேன், துணி மடிப்பேன், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தலை வாரி, சேலை மாற்றி, செருப்பு மாட்டிக்கொண்டு அவள் நல்லபடியாகத் தெருமுனை தாண்டினால், உள்ளே வந்து குனிந்து ஒரு மூச்சு இழுத்து "ஆகும்" என்பேன்.

சில நாள் அவள் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். ஓரிரு முறை வாந்தியும் எடுத்தாள். அன்றெல்லாம் பானையைக் கொட்டினேன். "பாத்தியா அவ மூக்கை" என்று மாமியார் பூரித்துப்போவார். சின்னவளுக்குத்தான் திட்டு விழும், மில் வாசலில் கண்டதையும் வாங்கித் தின்கிறாள் என்று. அவள் என்னைப் பார்ப்பாள். வெளியில் சாப்பிடுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளம்மா என்று நானும் சொன்னேன்.

ஒரு முறை அந்த வாந்தியை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். மாமியார் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தார். கொழுந்தன் பழம் வாங்கிக்கொண்டு ஓடிவந்தான். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததும் அவள் என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். காரணம் எனக்குத் தெரியும். சொன்னால் அவள் மனசு இன்னும் உடைந்துபோகும் என்று சொல்லவில்லை.

நீங்கள் கேட்கிற அந்த நாளுக்கு வருகிறேன்.

அன்று நல்ல புழுக்கம். முந்தின நாள் சாயங்காலம் வடித்த சோறு. தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுப்பு இல்லை. எண்ணெய் விட்டு நன்றாகச் சூடாக வதக்கினேன். நல்ல பசியாம் அவளுக்கு, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மிச்சத்தை டிபன் பாக்ஸில் அடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள். செருப்பு மாட்டும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கொல்லைப்பக்கம் கூட்டிப்போனேன். குடலே வந்துவிடும் போல வாந்தி.

"அக்கா, பயமா இருக்கு," என்றாள். "அத்தைகிட்ட சொல்லாதீங்க. மறுபடியும் திட்டுவாங்க."

சொல்லவில்லை. அவளே கேட்டுக்கொண்டதுதான். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தேன். பானையைக் கொட்டிவிட்டு எல்லாருக்கும் புதிதாக உலை வைத்தேன். இன்றைக்கும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தது நினைவிருக்கிறது. அந்த 'யாருக்கும்' என்பதில் அவள் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் அவள் கண்கள் மஞ்சளாகிவிட்டன. பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் டாக்டர், வீட்டில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். பழைய சோறு ஏதாவது உண்டா என்று குறிப்பாகவே கேட்டார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் சாப்பாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்தானே. "நாங்க எல்லாரும் சாப்பிட்டதையேதான் அவளும் சாப்பிட்டா டாக்டர், புதுசா வடிச்சது" என்றேன். மாமியார் உடனே, இவள் மூக்குக்குத் தப்பி எதுவும் எங்கள் வாய்க்குள் போகாது என்றார். அப்புறம் டாக்டர் வேறு வேறு நோய்களைத் தேட ஆரம்பித்தார். மில்லில் ஏதாவது மருந்து நெடியா என்று விசாரித்தார். அதற்குள் நேரம் போய்விட்டது. அவள் கல்லீரல் காத்திருக்கவில்லை.

அவள் போன பிறகு கொழுந்தன் பையைத் திறந்து டிபன் பாக்ஸை எடுத்தான். அதை ஆய்வுக்குக் கொடுத்தார்கள். ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வந்தீர்கள்.

ஒரு விஷயம் எனக்கு ஆறுதல். வெளியே வைத்த சோற்றில் அந்த விஷம் வாசனையே இல்லாமல் உண்டாகுமாம், மறுபடி சூடு பண்ணினாலும் போகாதாம். டாக்டரே சொன்னார். அப்படியென்றால் என் மூக்கு நன்றாக இருந்திருந்தாலும் அன்றைக்குக் கண்டுபிடித்திருக்க முடியாது. என் வீட்டுக்காரரிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள். மூக்கு போன கதையைச் சொல்ல வேண்டாம். அவர் வந்து பார்ப்பதில்லை, ஆனாலும் சொல்ல வேண்டாம்.

அவள் மேல் எனக்குக் கோபமா, பொறாமையா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இல்லை மேடம். தெரிந்துதான் கொடுத்தேன், தினமும் கொடுத்தேன், அவள் இருக்கிறாளா விழுகிறாளா என்று பார்க்கத்தான் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் பொய்யும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் கடைசியாக ஒன்று கேட்டீர்களே, அந்த முதல் தட்டை ஒரு நாளாவது நீயே சாப்பிட்டுப் பார்த்திருக்கலாமே என்று. அது எப்படி முடியும்? எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்த வீட்டில் எது ஆகும், எது ஆகாது என்று சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?