சக்கரவர்த்தி தொடுத்த வழக்கு

மேடையில் இருக்கும் வழக்கறிஞர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைவரின் துணைவியார் அண்ணி அவர்களே, சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலோடும் வந்து இந்த அரங்கை நிறைத்திருக்கும் சங்கத்துத் தோழர்களே, வணக்கம்.

நம் தலைவரைச் சக்கரவர்த்தி என்றே அழைத்தோம். அந்தப் பட்டத்தைச் சூட்டியது யார்? அவரேதான்! "சக்கரத்துல உட்கார்ந்து ஊரைச் சுத்துறவன் வேற யாரு?" என்பார்.

ரயில் நிலைய அறிவிப்பாளர் அவர். தினமும் மின்சாரச் சக்கர நாற்காலியில்தான் வேலைக்குப் போவார். பேட்டரி செத்தபோது, வேறொரு கடையில் நல்லதாக ஒன்று வாங்கிப் போட்டார். சில நாள் ஓடியது. பிறகு, நாற்காலியைத் தயாரித்த கம்பெனி, அதற்குள் இருக்கும் மென்பொருளைத் தொலைவிலிருந்தே புதுப்பித்தது. மறுநாள் காலை நடுச்சாலையில் நாற்காலி நின்றுவிட்டது. திரையில், 'அனுமதி இல்லாத பாகம்'. பேட்டரியில் உயிர் இருந்தது. நகர அனுமதிதான் இல்லை!

முன்னும் பின்னும் ஹாரன். நம் சக்கரவர்த்தி கலங்கினாரா? தன் நிலையக் குரலை எடுத்தார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கம்பெனியின் அனுமதி வராததால் இந்த வண்டி காலவரையின்றித் தாமதமாகும்." திட்டியவர்களே இறங்கி வந்து அவரை ஓரம் சேர்த்தார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தபின் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டாராம். ஒரு லாரி வந்திருந்தால்?

நாற்காலி உங்களுடையது, மென்பொருள் எங்களுடையது, அதைப் பயன்படுத்த உரிமம் மட்டுமே தந்திருக்கிறோம் என்று ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைக் காட்டியது கம்பெனி. "உட்கார்றது என் பேர்ல, நகர்றது உங்க பேர்லயா?" என்று கேட்டுவிட்டு வழக்குத் தொடுத்தார்.

வழக்கு இழுத்தது. அதுவரை அந்தக் கனத்த நாற்காலியைக் கையால் தள்ளியவர் அண்ணி. ஒருநாள் கம்பெனி அதிகாரி புது நாற்காலியோடு வீட்டுக்கே வந்தார். வழக்கை வாபஸ் வாங்கினால் இலவசமாம். சக்கரவர்த்தி, காய்த்துப்போன அண்ணியின் கைகளைப் பார்த்தார். சரி என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது என்று பின்னால் என்னிடம் சொன்னார். அண்ணிதான் முந்திக்கொண்டார். "நாற்காலியை நான் தள்ளிக்கிறேன். நீங்க வழக்கைத் தள்ளிவிட்டுடாதீங்க."

மென்பொருள் போட்ட பூட்டைத் திறக்கும் குறியீட்டை உரிமையாளர் கேட்டால் கம்பெனி கொடுத்தே ஆகவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அவர் தனக்கென்று ஒரு நாற்காலி வாங்கிக்கொண்டு ஒதுங்கியிருந்தால், இன்று இந்த அரங்குக்குத் தாமாக உருண்டு வந்த நாற்காலிகளில் எத்தனை வந்திருக்கும்?

தோழர்களே, அவர் பணி முடியவில்லை. நம் தையற்கார அக்கா காசு கொடுத்து வாங்கிய காதொலிக் கருவியின் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் இன்றும் கம்பெனியைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கான மனுவைத் தயார் செய்த வாரத்தில்தான் மாரடைப்பு நம் சக்கரவர்த்தியைக் கொண்டுபோனது. திங்கட்கிழமை அதைத் தாக்கல் செய்கிறோம். நாம் அத்தனை பேரும் நீதிமன்ற வாசலில் இருப்போம்.

மனுவில் சங்கத்தின் சார்பில் இனி யார் பெயரைப் போடுவது என்று நேற்று அண்ணியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"என் பேரைப் போடுங்க," என்றார். "பெருசாவே போடுங்க. பொடி எழுத்துல எழுதுறது அவங்க பழக்கம்."