பாலாற்றைத் தாண்டாத தோல்

பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்குப் புறப்பட்ட எங்கள் பஸ், பாலாற்று மணலின் நடுவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. அதன் நிழலில் உட்கார்ந்திருந்தோம். வண்டிக்கு அடியில் படுத்திருந்த டிரைவர், பஸ்ஸின் முதலாளியான சாயபுவிடம் சொன்னது காதில் விழுந்தது.

"மொதலாளி, நீங்க வெட்டிக் குடுத்த தோலை மணலு தின்னுட்டுது."

சக்கரத்துக்கு மேல் வண்டியைத் தாங்கும் வில்லுப் பட்டையின் முனை வளையத்துக்குள் இருக்கும் புஷ் என்ற குழல் உறையைத்தான் சொன்னார். பித்தளைக்குப் பதிலாக எருமைத்தோலைச் சுருட்டிச் செருகியிருக்கிறார்கள்.

"பித்தளை தேயுதுன்னுதானேப்பா தோலு குடுத்தேன்?"

"எது வச்சாலும் தேயுது மொதலாளி. ஆத்துல எறங்குனா மணலு உள்ள பூந்துடுது. கிரீஸ் ஜாஸ்தி போட்டா அதுல ஒட்டிக்கினு அரைக்குது. கம்மியா போட்டா காஞ்சு தேயுது."

"நம்ம தோலு லண்டனுக்கே போவுதுப்பா!"

"லண்டனுக்குப் போவுது. இந்த ஆத்தைத் தாண்ட மாட்டேங்குதே."

சாயபு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தோல் மண்டில பாதிய வித்து வாங்குன வண்டிப்பா இது. ஆத்த விட்டா வேற வழியே இல்லியா?"

"ஏது மொதலாளி? ரோடு அந்தக் கரையிலதானே இருக்குது."

வெகுநேரம் கழித்து, வைக்கோல் இறக்கிவிட்டுத் திரும்பிய மாட்டுவண்டிகள் வந்தன. நாங்கள் ஏறிக்கொண்டோம். சாயபுவும் ஏறினார்.

"நான் இன்னா பண்ணட்டும் மொதலாளி?" என்று டிரைவர் கத்தினார்.

சாயபு திரும்பிப் பார்க்கவில்லை.

"அங்கியே இரு. வேற தோலு வெட்டி அனுப்புறேன்."